பதினோரு நிமிடத் தொட்டி

தெய்வசிகாமணி கொண்டுவந்த நோட்டு முந்நூறு பக்கம். அதில் அவன் முதல் தடவையிலேயே சரியாகப் போட்ட கணக்கு ஒன்றுகூடக் கிடையாது. இரண்டு வருடமாகத் தப்பாகப் போட்டவற்றை மட்டும் தேடித் தேடி எழுதி, எங்கே சறுக்கினான் என்று சிவப்பு மையில் குறித்து, கீழே சரியான வழியைப் போட்டு, பழுப்பு அட்டை போட்டு லேபிளும் ஒட்டியிருந்தான். எம்பிஏ நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பலரும் இப்படி ஒரு தப்பு நோட்டு வைத்திருப்பார்கள். இவ்வளவு தடியாக ஒன்றை ரமீஜா பார்த்ததில்லை.

ரமீஜா அந்தத் தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். கோயம்புத்தூரில் ஒரு பேட்டரிக் கடையின் மாடியில் ஒரே அறை, பன்னிரண்டு நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை. அவளுக்கு வயது முப்பது, சிகாமணிக்கு முப்பத்து நாலு. ஆனாலும் அவளை அவன் மிஸ் என்றுதான் கூப்பிடுவான். பாடம் எடுத்தால் மிஸ், அதில் வயசு எங்கே வந்தது என்பது அவன் கட்சி.

தேர்வுக்கு இருபத்து மூன்று நாள் இருந்தது. அவனுக்கு அது மூன்றாவது தடவை.

"எல்லாத் தப்பையும் திருத்திட்டனுங்க மிஸ்," என்றான். "ஒவ்வொண்ணையும் நாலு தடவ போட்டுப் பாத்தாச்சு. அப்புறமும் மார்க் ஏற மாட்டேங்குது. ஏனுங்க?"

ரமீஜா நோட்டைத் திறக்கவில்லை. மேசை ஓரத்துக்குத் தள்ளி வைத்தாள்.

"சரியாப் போட்டதெல்லாம் எங்கீங்க?"

"அதெதுக்குங்க மிஸ்? அதான் சரியாப் போட்டாச்சே."

"போன வருசம் பரிச்சையில சரியாப் போட்டது ஒண்ணு சொல்லுங்க."

சிகாமணியின் முகம் மலர்ந்துவிட்டது. இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஒரு வருடமாகக் காத்திருந்தவன் அவன்.

"பம்புக் கணக்குங்க மிஸ். ஒரு தொட்டி, மூணு பம்பு. மொதப் பம்பு தனியா ஓடுனா ஆறு மணி நேரம். ரெண்டாவது எட்டு மணி நேரம். மூணாவது தண்ணிய வெளிய எடுக்கறது, பன்னெண்டு மணி நேரத்துல தொட்டியக் காலி பண்ணிரும்."

கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போனான். பாதி ரொம்பியதும் ஒரு பம்பின் வேகம் குறைகிறது. நடுவில் கரண்ட் போகிறது, திரும்பி வருகிறது. கணக்கு ஏழு வரி நீளம். ஓர் எண்கூட அவனுக்குத் தப்பவில்லை. கடைசியில் விடையையும் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தான்.

"அந்த ஹால்ல என்னைத் தவிர ஒருத்தனும் அதப் போட்டிருக்க மாட்டானுங்க."

"எத்தன நிமிசம் ஆச்சு?"

"பதினோரு நிமிசம்."

அந்தப் பகுதிக்கு மொத்தமே நாற்பது நிமிடம்தான். அதற்குள் இருபத்திரண்டு கேள்வி. நேரம் முடிந்தால் கம்ப்யூட்டர் திரை தானாக மூடிக்கொள்ளும். கெஞ்சினாலும் திறக்காது. இதெல்லாம் தெரிந்தும் பதினோரு நிமிடத்தை அவன் பதக்கம் வாங்கியதைப் போலச் சொன்னான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அவன் வேலை அப்படி.

ஒரு பம்பு கம்பெனியில் அவன் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறான். தயாராகி வருகிற பம்பைப் பெஞ்சில் மாட்டி ஓடவிட்டு, தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்து எழுதுவது வேலை. ஒன்பது வருடமாக அதே பெஞ்ச். அளந்து பார்க்காமல் ஒரு பம்பைக்கூட அவன் வெளியே விட்டது கிடையாது. லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்தாலும் தொட்டி ரொம்பும்வரை நகர மாட்டான். இப்படிப்பட்டவன் கண்ணில் பரீட்சை ஹாலில் ஒரு தொட்டி பட்டால் என்ன ஆகும்?

"சரிங்க," என்றாள் ரமீஜா. "இன்னொண்ணு சொல்லுங்க. மத்த இருபத்தொண்ணுல எதாச்சும்."

சிகாமணி யோசித்தான். ஒரு முக்கோணம் வந்த மாதிரி இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"இல்லீங்க மிஸ். அதெல்லாம் ஒழுங்காப் படிக்கவே நேரமில்ல."

ரமீஜா தலையாட்டினாள். அவனுடைய நோட்டை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

"மிஸ், அது எனக்கு வேணுமுங்க."

"நாளைக்குக் காலைல ஆறரைக்கு வாங்க. பென்சில் போதும்."

*

மறுநாள் காலை அவன் முன்னால் இருபத்திரண்டு கேள்விகள் கொண்ட தாளை வைத்தாள்.

"எதையும் போட வேண்டாமுங்க. படிச்சுப் பாத்துட்டு, பக்கத்துல போடு இல்லன்னா விடுன்னு எழுதுங்க. அவ்வளவுதான்."

சிகாமணி தாளைப் புரட்டினான். ஏழாவது கேள்வியில் சிரிப்பு வந்துவிட்டது. நேற்று அவன் சொன்ன பம்புக் கணக்கை அப்படியே டைப் செய்து வைத்திருந்தாள்.

"இதுக்கு பதில் மனப்பாடமுங்க மிஸ்."

"தெரியும்."

பக்கத்தில் போடு என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டான்.

நாற்பது நிமிடம் முடிந்ததும் ரமீஜா தாளை வாங்கிப் பார்த்தாள். "ஏழாவதுக்கு எந்த அன்னிக்கு விடுன்னு எழுதறீங்களோ, அன்னிலிருந்து முழுப் பரிச்சை எழுதலாம். அது வரைக்கும் இதேதான்."

"பதில் தெரிஞ்சத எதுக்குங்க விடணும்?"

ரமீஜா பலகையைத் துடைக்கப் போய்விட்டாள்.

அடுத்த நாள் அந்தக் கணக்கு மூன்றாவது இடத்தில் இருந்தது. அதற்கடுத்த நாள் பதினைந்தாவது. அப்புறம் கடைசி. எங்கே ஒளித்துவைத்தாலும், பைக் ஸ்டாண்டில் தன் வண்டியைக் கண்டுபிடிப்பதுபோல அவன் கண் முதலில் அங்கேதான் போகும். போடு என்று எழுதுவான். அடியில் கோடு போடுவான். பிடிவாதத்தில் அவன் யாருக்கும் சளைத்தவனல்ல. எதிரில் உட்கார்ந்திருந்தவளும் அப்படித்தான் என்பது அவனுக்குத் தெரியவில்லை.

வீட்டில் நாட்கள் வேறு மாதிரி ஓடின. காலண்டரில் ஒவ்வொரு தேதியையும் மனைவி ரேணுகாதான் அடித்துக்கொண்டு வந்தாள்.

"மொத வருசம் போறப்ப ஒரே ஒரு தடவைன்னீங்க," என்றாள் அவள், இட்லித் தட்டை அவன் முன்னால் வைத்தபடி. "போன வருசம் இன்னும் ஒரே ஒரு தடவைன்னீங்க. நானும் சரின்னேன். ரெண்டு வருசமா ஞாயித்துக்கிழமைன்னா அப்பாவுக்கு மாடல் பரிச்சைன்னு பாப்பாவுக்குப் பாடமாயிருச்சு. இந்தத் தடவையும் போயிட்டு வாங்க, நான் குறுக்க நிக்கல. ஆனா நாலாவதுன்னு ஒரு வார்த்தை இந்த வீட்டுல கேக்கக் கூடாது."

"கேக்காது," என்றான் சிகாமணி.

அது கேட்காவிட்டால் என்ன கேட்கும் என்பது அவனுக்குத் தெரியும். ஓய்வு பெறும்வரை பெஞ்சில் தண்ணீர் விழுகிற சத்தம். அவனுக்கு வரவேண்டிய மேனேஜர் நாற்காலியில் எம்பிஏ படித்த இருபத்தாறு வயதுப் பையன் வந்து உட்கார்ந்து ஒரு வருடம் ஆகிறது. சிகாமணி எழுதுகிற அளவுகளில் அந்தப் பையன்தான் கையெழுத்துப் போடுகிறான். அண்ணா அண்ணா என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவான். நல்ல பையன். அதுதான் இன்னும் வலித்தது.

*

ஆறாவது நாள் காலை சிகாமணி தாளில் மூழ்கியிருந்தபோது கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரிக் கடைக்காரர் சுவிட்சைப் போட்டுவிட்டு டீக்குப் போயிருந்தார்.

பதினாலாவது நிமிடம் சிகாமணியின் பென்சில் நின்றது. மொட்டைமாடித் தொட்டியில் விழுகிற தண்ணீரின் சத்தம் மாறியிருந்தது. ரமீஜாவுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவன் எழுந்து, படிகளில் தடதடவென்று இறங்கிப்போய் மோட்டாரை நிறுத்திவிட்டு மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தான்.

"கரெக்டா ரொம்பற நேரமுங்க மிஸ். ஒரு சொட்டு வீணாகல."

ரமீஜா பலகையில் நான்கு என்று எழுதினாள்.

"என்னதுங்க அது?"

"வீணான நிமிசம்."

மறுநாள் தாளைக் கொடுப்பதற்கு முன் அவளே கீழே போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தாள். கடை இன்னும் திறந்திருக்கவில்லை.

"மிஸ், மோட்டார் ஓடுதுங்க."

"ஓடட்டும். நீங்க தாளப் பாருங்க."

பார்த்தான். ஆனால் காது மட்டும் மேலேயே இருந்தது. ஒரே கேள்வியை மூன்று தடவை படித்தான். சத்தம் மாறியதும் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தான். மூன்றாவது நிமிடம் ஓடினான். பலகையில் ஏழு என்று எழுதியிருந்தது. அதற்கடுத்த நாளும் ஓடினான். அன்றைக்கு ஆறு.

ஒன்பதாவது நாள் ஓடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டே வந்தான். மோட்டார் ஓடியது. பதினாறாவது நிமிடம் தொட்டி ரொம்பியது. பதினெட்டாவது நிமிடம் ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் விழ ஆரம்பித்தது. எதிர்வீட்டு அம்மா, யாருங்க அது, கண்ணு தெரியலையா, மோட்டார நிறுத்துங்க என்று சத்தம் போட்டார். சிகாமணிக்கு வேர்த்துக் கொட்டியது. இடது கையால் நாற்காலியின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். ரமீஜா கையைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு நிமிடம் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

நேரம் முடிந்தது என்று அவள் சொன்ன மறுநொடி அவன் கீழே இருந்தான். மோட்டாரை நிறுத்தினான். அப்புறம்தான் பார்த்தான். தொட்டியின் வழிகுழாய்க்கு நேர் கீழே இரண்டு பெரிய நீல ட்ரம்கள் இருந்தன. ஒன்று முழுதாக ரொம்பி, அதிலிருந்து ஒரு ஹோஸ் வழியாகத் தண்ணீர் இன்னொன்றுக்குப் போயிருந்தது. தரை கொஞ்சம்தான் நனைந்திருந்தது. பேட்டரிக் கடைக்காரர் அதில் மொண்டு தன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

சிகாமணி படியேறி வந்தான். முகம் சிவந்திருந்தது.

"ட்ரம் வச்சிருக்கேன்னு சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொல்லியிருந்தா நிம்மதியா உக்காந்திருப்பீங்க. ஹால்ல யாருங்க வந்து சொல்லுவா?"

அவனுக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போது வெளியே வந்தது.

"பதினாலு நாள்தானுங்க மிஸ் இருக்கு. ஒன்பது நாளா என்ன சொல்லித் தந்தீங்க? ஒரு ஃபார்முலா உண்டா? ஒரு ஷார்ட்கட் உண்டா? என் நோட்டப் பூட்டி வச்சுட்டீங்க. போடத் தெரிஞ்ச கணக்க விடுங்கறீங்க. மோட்டாரப் போட்டு விட்டு வேடிக்கை பாக்கறீங்க. வீட்டுல ஒருத்தி தேதிய அடிச்சுட்டு உக்காந்திருக்கா. எனக்கு இது கடைசி, உங்களுக்கு அடுத்த வருசம் வேற ஆள் வருவான்." மூச்சு வாங்கினான். "கேக்கறனேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஒரு தடவையாச்சும் ஒரு எம்பிஏ காலேஜ் வாசல மிதிச்சிருக்கீங்களா?"

கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது. ரமீஜா கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மிதிச்சிருக்கேன். எழுத்துப் பரிச்சையில நல்ல மார்க். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டாங்க. எங்கப்பா டெய்லர் கடை வச்சிருந்தாரு. அங்க ஒருத்தர் கேட்டாரு, நாளைக்கு அந்தக் கடை உங்க கையில வந்தா மொதல்ல எத மாத்துவீங்கன்னு."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணையும் மாத்த மாட்டேன்னேன். மூணு பேரும் சிரிச்சாங்க. அப்புறம் இன்னும் ஆறேழு கேள்வி கேட்டாங்க. எல்லாம் எனக்கு நல்லாத் தெரிஞ்சதுதான். ஒண்ணுக்கும் வாய் வரல. நான் அந்த மொதக் கேள்வியிலயே உக்காந்திருந்தேன்."

சிகாமணி நின்றுகொண்டே இருந்தான்.

"எட்டு வருசமாச்சு. இன்னும் அதுக்குப் பதில் சொல்லிட்டிருக்கேன். குளிக்கறப்ப சொல்றேன். பஸ்ஸுல சொல்றேன். நல்ல நல்ல பதிலா வருது. கேக்கறதுக்குத்தான் ஆள் இல்ல." அவள் அலமாரியைத் திறந்து அவனுடைய தடித்த நோட்டை எடுத்து நீட்டினாள். "வேணும்னா எடுத்துட்டுப் போங்க."

நோட்டை வாங்கிக்கொண்டு போனான். அடுத்த நாள் வரவில்லை.

அதற்கடுத்த நாள் ஆறரைக்கு வந்தான். கையில் நோட்டு இல்லை. தாளை வாங்கினான். பம்புக் கணக்கு இரண்டாவது இடத்தில் இருந்தது. பக்கத்தில் விடு என்று எழுதினான். பென்சில் முனை ஒடிந்து தாளில் ஓட்டை விழுந்தது.

ரமீஜா அந்த ஓட்டையைப் பார்த்தாள். மறுநாள் முழுப் பரீட்சை ஆரம்பமானது.

*

பத்து முழுப் பரீட்சை எழுதினான். ஒவ்வொன்றிலும் அவள் புதிதாக ஒரு பம்பை நுழைத்திருந்தாள். சில ஒரு நிமிடத்தில் முடிகிறவை, சில ஆளையே விழுங்குகிறவை. மோட்டாரும் தவறாமல் ஓடியது. மார்க் ஏறியது. ஆனால் அவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை.

தேர்வுக்கு முந்திய நாள் கடைசி விடைத்தாளை ரமீஜா முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"ஒம்பதாவது கேள்வி பம்புக் கணக்கு. விட்டுட்டீங்க."

"ஆமாங்க மிஸ். பாத்ததுமே விட்டுட்டேன். அஞ்சு செகண்டுகூட ஆகல."

"பத்தாவது தப்பு. பதினொண்ணு தப்பு. பன்னெண்டு தப்பு. மூணும் எட்டாங்கிளாஸ் கணக்கு."

சிகாமணி தாளைப் பார்த்தான். பிறகு கையைப் பார்த்தான்.

"அது நெனப்பாவே இருந்துச்சுங்க. அந்தப் பம்ப எப்படிப் போட்டிருக்கலாம்னு உள்ள ஓடிட்டே இருந்துச்சு."

"விட்டுட்டேன்னு எழுதிட்டு, தூக்கிட்டே போயிருக்கீங்க."

"அத எப்படிங்க மிஸ் எறக்கி வெக்கறது?"

இந்த ஒரு கேள்விக்கு அவள் உடனே பதில் சொல்லிவிடுவாள் என்றுதான் அவன் நினைத்தான். இத்தனை நாள் எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது, சொன்னாலும் சொல்லாவிட்டாலும்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றாள் ரமீஜா. "தெரிஞ்சிருந்தா நான் பஸ்ஸுல பேசாம வருவனே."

இன்னும் ஒரு நாள்கூட முழுதாக இல்லை. சிகாமணி ஹால் டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தான். வாசல்வரை போனவன் திரும்பிப் பார்த்தான். ரமீஜா அதே தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டான். மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தந்தான். ரேணுகா காலண்டரில் அன்றைய தேதியை அடித்தாள். அடுத்த கட்டம் காலியாக இருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேர்வு நடந்தது. திங்கட்கிழமை காலை ஆறரைக்கு, யாரும் வரச் சொல்லாமலே, சிகாமணி மாடியேறி வந்தான். ரமீஜாவும் இருந்தாள். வகுப்பு எதுவும் கிடையாது. ஃபிளாஸ்கிலிருந்து இரண்டு டம்ளரில் டீ ஊற்றினாள்.

கேட்க வேண்டியதைக் கேட்கவும் அவளுக்குப் பயமாக இருந்தது.

"பம்பு வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க மிஸ். கணக்குப் பகுதியில நாலாவது கேள்வி. பெருசு."

"போட்டீங்களா?"

"விட்டுட்டனுங்க."

ரமீஜா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என்ன கேட்டிருந்தாங்க?"

சிகாமணி வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஒரு தொட்டிங்க மிஸ். ரெண்டு பம்பு." நிறுத்தினான். "மூணா இருக்குமோ. ஒண்ணு ஏதோ ஒம்பது மணி நேரம்னு... இல்ல. அது வேற கணக்கு."

ரமீஜா காத்திருந்தாள். அவன் நெற்றியைச் சுருக்கினான். தேடித் தேடிப் பார்த்தான். கண்ணைத் திறந்தபோது அதில் பயம் இருந்தது.

"ஒரு நம்பரும் வரலீங்க மிஸ். நீங்க கேக்கற வரைக்கும் அது நெனப்பே இல்லீங்க. போன வருசக் கணக்க இன்னிக்கும் வரி வரியாச் சொல்லுவேன். இது நேத்துப் பாத்தது."

"அந்தப் பகுதியில எத்தன போட்டீங்க?"

"பதினாலு."

போன வருடம் ஏழு. இரண்டு பேருக்கும் அது தெரியும். ரிசல்ட் வர இன்னும் பல நாள் இருந்தது.

ஆனால் சிகாமணி நிம்மதியாக இல்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, செய்யக் கூடாததைச் செய்துவிட்டவனைப் போல உட்கார்ந்திருந்தான்.

"ஒம்பது வருசத்துல ஒரு தொட்டியக்கூட அளக்காம விட்டதில்லீங்க மிஸ்," என்றான். "இது எப்ப ரொம்பும்னு பாக்காமயே எந்திரிச்சு வந்துட்டேன்."

ரமீஜா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"அது பாட்டுக்கு ரொம்பட்டும்," என்றாள்.